மதினிக்குத் தைத்த தொப்பி

என் அண்ணனை வெயில்தான் கொன்றது என்று டாக்டர் சொன்னபோது நான் வெயிலைச் சந்தேகப்படவில்லை, டாக்டரைத்தான் சந்தேகப்பட்டேன். கோவில்பட்டி வெயிலில் பிறந்து, அந்த வெயிலிலேயே நடக்கப் பழகி, அந்த வெயிலிலேயே நரைத்த மனுஷனை வெயில் எப்படிக் கொல்லும்? வடக்கே எங்கேயோ வெயிலுக்கு ஆட்கள் செத்துப்போனதாக டிவியில் சொல்வார்கள். "பாவம், பழக்கமில்லாத ஆளுக" என்று சொல்லிவிட்டு நாங்கள் சேனலை மாற்றுவோம். எங்கள் சொந்தத்தில் பாம்பு கடித்துச் செத்திருக்கிறார்கள், இடி விழுந்து செத்திருக்கிறார்கள். வெயில் அடித்துச் செத்தவர் என்று ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

"நல்லாப் பாருங்க சார், நெஞ்சுவலியா இருக்கும்" என்று அவரிடம் சண்டைக்கே போனேன். உடம்புச் சூடு ஏறி மூளையைத் தாக்கிவிட்டது, கொண்டு வரும்போதே கைமீறிப் போய்விட்டது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். 

நடந்தது இதுதான். போன சித்திரையில் அண்ணனும் மதினியும் காட்டில் பருத்தி எடுத்து முடித்துக் காய்ந்து நின்ற செடிகளை, அதாவது பருத்திமாரை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காடு என்றதும் மரம் அடர்ந்த காட்டை நினைத்துவிட வேண்டாம். மழையை நம்பி விதைக்கிற கரிசல் நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். கழுகுமலை போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அண்ணன் காடு. மொத்தக் காட்டுக்கும் மரம் என்று இருப்பது வரப்போரத்தில் ஒரே ஒரு உடைமரம். உச்சிப்பொழுதில் மதினி அந்த மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். "இந்தா வாரேன்" என்றிருக்கிறான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறாள். "இந்தா வாரேன், நீ குடி." அவள் கஞ்சியைக் குடித்து முடித்து நிமிர்ந்தபோது ஆளைக் காணவில்லை. பிடுங்கிப் போட்ட மாருக்கு நடுவில் குப்புறக் கிடந்தான்.

அந்த இரண்டு "இந்தா வாரேன்"களையும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் மதினி சொல்லிச் சொல்லி அழுதாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அழுவதையும் நிறுத்திவிட்டாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அழாமல் இருக்கிறவளை எந்தச் சமாதானம் சொல்லித் தேற்றுவது?

இந்த வருஷம் பங்குனி பிறந்ததும் எனக்கு மதினி நினைப்பாகவே இருந்தது. மதினியின் பிள்ளைகள் இரண்டும் திருப்பூரில் வேலைக்கு இருக்கின்றன. அம்மாவையும் கூப்பிட்டுப் பார்த்தன. "ஆட்ட யாரு மேய்ப்பா?" என்று ஒரே கேள்வியில் அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். எங்கள் பக்கம் பெண்கள் காட்டுக்குப் போகும்போது சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், வெயிலுக்கும் பயிர்ச் சுணைக்கும். மதினியும் அண்ணனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, அதே காட்டில் ஆடு மேய்த்தாள். அண்ணனைச் சாய்த்த அதே வெயில். நான் ஒருநாள் பார்க்கப் போனபோது உதடு வெடித்து, முகம் கன்றிப்போய் இருந்தாள்.

"ஒரு குடையாவது பிடிச்சுக்கிடக் கூடாதா மதினி?"

"ஒரு கையில தொரட்டி, ஒரு கையில தண்ணிக்கேனு. குடைய என்ன பல்லுல கடிச்சுக்கிட்டுப் போகவா?" என்றாள்.

நான் கோவில்பட்டியில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். குடை வேண்டாம் என்றால் தொப்பி தைத்தால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அகலமான விளிம்பு வைத்த தொப்பி, கழுத்துப் பிடரி வரை நிழல் விழுகிற மாதிரி. போனில் வீடியோ பார்த்தேன். அந்த வீடியோக்காரப் பெண் சிரித்துக்கொண்டே தைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, கடற்கரையில் போய் நின்றாள். நமக்கென்ன, அக்குளில் சுருக்கம் விழாமல் கை வைக்கத் தெரிந்தவளுக்குத் தொப்பி எம்மாத்திரம் என்று மிதப்பில் உட்கார்ந்தேன்.

மிதப்பெல்லாம் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. மேலே ஒரு வட்டம், அதைச் சுற்றித் தலையளவுக்கு ஒரு பட்டி, பட்டிக்குக் கீழே அகல வளையமாக விளிம்பு. அவ்வளவுதான் தொப்பி. பூப்போட்ட மிச்சத் துணியில் வெட்டி, சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸை உள்ளே கொடுத்துத் தைத்தேன். தலையில் வைத்தால் விளிம்பு நாலு பக்கமும் தொங்கி மூக்கை மூடியது. அதைத்தான் கொண்டுபோய் மதினியிடம் காட்டினேன், அளவு பார்க்க.

மதினி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "தொப்பியா? எனக்கா? ஏட்டி, உனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?"

பக்கத்துக் காட்டுக்கார அக்காவும் அங்கே இருந்தாள். அவளும் ஆடு மேய்க்கிறவள். அவள் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. நானும் விடவில்லை. "சிரிங்க. ஒரு ஆளப் பறிகொடுத்தது போதாதா? இன்னொரு தடவ என்னால அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க முடியாது" என்று கத்திவிட்டேன். கத்தினதும் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மதினி பெட்டியைத் திறந்து அண்ணனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து என் மடியில் போட்டாள். விசேஷ வீடுகளுக்கு மட்டும் போடுகிற சட்டை. துவைத்துத் துவைத்து மெலிந்து, மல் துணி மாதிரி ஆகியிருந்தது.

"இதுல தச்சுத் தா. போட்டுக்கிடுதேன்."

ஊரார் துணியை எத்தனையோ வெட்டியிருக்கிறேன். அந்தச் சட்டையில் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன்னால் காலரைத் திருப்பிப் பார்த்தேன். காலர் உள்பக்கத்தில் அவன் கழுத்து அழுக்கின் மங்கலான கோடு இன்னும் இருந்தது. காலரை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை வெட்டினேன்.

விளிம்பு விறைப்பாக நிற்க என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த பேனர் ஞாபகம் வந்தது. பேனர் இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது? காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு எதுவானாலும் முச்சந்தியில் ஆளுயரத்துக்குப் பேனர் கட்டுகிறார்கள். விசேஷம் முடிந்ததும் அது வைக்கோலை மூடப் போகும், விறகை மூடப் போகும், தண்ணீர்த் தொட்டியை மூடப் போகும். எங்கள் பேனர் பல வருஷமாக வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி தொட்டியின் மேல் கிடந்தது. என் கண்ணுக்கு அது பேனரே இல்லை, தொட்டி மூடி. காற்றுக்கும் மழைக்கும் அசையாத அந்த விறைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஈரத்துணியால் துடைத்துத் தரையில் விரித்தேன். சாக்பீஸ் கோடு படம் அச்சடித்த பக்கத்தில் சரியாக விழாது, வெள்ளைப் பக்கத்தில் பளிச்சென்று விழும். அதனால் வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து வட்டம் போட்டு, ஒரு சாண் அகலத்துக்கு வளையமாக வெட்டினேன். மேலே அண்ணன் சட்டைத் துணி, நடுவில் பேனர், அடியில் வெள்ளை ஜாக்கெட் லைனிங் துணி. வெள்ளைப் பக்கம் மேல்துணியோடு இருந்தால் சாயம் தெரியாது என்று அச்சுப் பக்கத்தைக் கீழே பார்க்க வைத்தேன். தடித்த ஊசி போட்டும் இரண்டு ஊசி முறிந்தது. விளிம்பைச் சுற்றிச் சுற்றி வளையமாகத் தையல் ஓட்டினேன். காற்றில் பறக்காமல் தாடைக்குக் கீழே முடிய இரண்டு பக்கமும் நாடா வைத்தேன்.

எங்கள் தெரு வெயிலுக்குப் பயந்து நான் பகலிலும் கதவை அடைத்துவிட்டு டியூப்லைட் வெளிச்சத்தில்தான் தைப்பேன். அந்த வெளிச்சத்தில் தொப்பி மேலும் கீழும் பால் வெள்ளையாக இருந்தது. விளிம்பு தட்டு மாதிரி நின்றது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மதினி அதைப் போட்டுக்கொண்டாள். முகம், கழுத்து, தோள் எல்லாவற்றுக்கும் நிழல். சிரித்த அக்காகூட, "எனக்கும் ஒண்ணு தச்சுத் தாயேன்" என்றாள். இந்தச் சித்திரையைத் தாண்டிவிடலாம் என்று எனக்கு உயிர் வந்தது.

அந்த அக்காதான் ஒருநாள் உச்சிப்பொழுதில் போன் போட்டாள்.

"ஏட்டி, உன் மதினி நிழலுக்கே வரமாட்டேங்கா. நாலஞ்சு நாளா இப்படித்தான். ஆடெல்லாம் மரத்தடியில கெடக்கு, இவ நட்டநடுக் காட்டுல நிக்கா. கூப்பிட்டா மேலயே பாத்துக்கிட்டு நிக்கா. தன்னால பேசுதா. நீ அந்தத் தொப்பிக்குள்ள என்னத்த வச்சுத் தச்ச? எதும் மந்திரிச்சு கிந்திரிச்சு வச்சியா?"

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ரோடு முழுக்கக் கானல் நெளிந்தது. காற்று அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே படம்தான் கண்ணில் ஓடியது, மாருக்கு நடுவில் குப்புறக் கிடக்கிற உருவம். இந்தத் தடவை அதற்குத் தலையில் நான் தைத்த தொப்பி.

ரோட்டோரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடினேன். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, இரண்டு தடவை வெடிப்பில் கால் மாட்டியது. ஆடுகள் உடைமரத்தடியில் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மதினி மட்டும் நடுக்காட்டில், காக்கிச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, அண்ணாந்து நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"மதினி! என்ன செய்யுதீங்க? நிழலுக்கு வாங்க!"

திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் கன்றிச் சிவந்து, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. சந்தோஷமாக இருந்தாள். ஒரு வருஷமாக நான் பார்க்காத சந்தோஷம். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் இன்னும் கூடியது.

"ஏட்டி, உன் கையால இப்படி ஒண்ணு செஞ்சு தருவன்னு நான் நெனைக்கவே இல்ல. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"எதச் சொல்லல?"

"சும்மா நடிக்காத."

தாடையில் இருந்த நாடாவை அவிழ்த்து, தொப்பியை எடுத்து என் தலையில் வைத்து, என் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். "முன்பக்கத்து விளிம்பப் பாரு. அண்ணாந்து பாரு."

பார்த்தேன். முதலில் வெள்ளை வெளிச்சம் மட்டும். பிறகு கொஞ்சம் நீலம். நீலத்துக்கு நடுவில் ஒரு புருவம் தெரிந்தது, மீசை தெரிந்தது, அப்புறம் இரண்டு கண். என் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்துக்குக் கீழே பாதியில் வெட்டுப்பட்ட எழுத்து, "தாய்மா".

என் மகள் காதுகுத்துக்கு வைத்த பேனர் அது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவோம், அதனால் பேனரில் குழந்தைக்கு அடுத்தபடியாகத் தாய்மாமன் படம்தான் பெரிதாக இருக்கும். தொட்டியின் மேல் குப்புறக் கிடந்ததால் வெயில் படாமல் சாயம் அப்படியே இருந்திருக்கிறது. டியூப்லைட்டில் தெரியாதது, உச்சி வெயில் மேலிருந்து பாய்ந்ததும், மெலிந்த சட்டைத் துணியையும் லைனிங்கையும் தாண்டிக் கண்ணாடி மாதிரித் தெரிகிறது. முகத்துக்கு ஒரு கீறல்கூடப் படாமல் நான் வெட்டியிருக்கிறேன், ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்காமல்.

"மொதல்ல அவிய பின்பக்கம் இருந்திருக்காவ, எனக்குத் தெரியல" என்றாள் மதினி. "வேர்க்குதேன்னு கழத்தி விசிறப் போனேன். சூரியனுக்கு நேரா வந்ததும் பாத்தா, அவிய! அன்னையில இருந்து முன்னால திருப்பி வச்சுக்கிடுதேன். காலையில மங்கலாத் தெரியும். உச்சியிலதான் நல்லாத் தெரியும். நிழலுக்குப் போனா போயிருதாவ."

அதனால்தான் நிழலுக்கு வரவில்லை. வெயிலிலிருந்து காப்பாற்ற நான் தைத்த தொப்பி இவளை வெயிலில் கட்டிப் போட்டிருக்கிறது. வேண்டுமென்றே நான் செய்து கொடுத்ததாக நினைத்து, எனக்கு நன்றி வேறு சொல்கிறாள்.

"இரு, தண்ணி எடுத்துட்டு வாரேன். மூச்சு வாங்குது ஒனக்கு" என்று மதினி மரத்தடிக்குப் போனாள்.

அப்போதே நானும் அவள் பின்னால் போயிருக்க வேண்டும். அவளைத் திட்டத்தான் வந்தேன். ஆனால் விளிம்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவனை இவ்வளவு பக்கத்தில் பார்த்து ஒரு வருஷமாகிறது. கண்ணோரச் சுருக்கம்கூடத் தெரிந்தது. காதுகுத்து அன்றைக்கு மடியில் இருந்த குழந்தை வீரிட்டதும் அதைவிடச் சத்தமாக இவன் அழுதான், சொந்தக்காரர்கள் எல்லாம் கேலி பண்ணினார்கள். அந்த முகம்தான். "ஏண்ணே, ரெண்டு தடவ கூப்பிட்டாகல்ல, ஒரு எட்டு வந்திருக்கலாம்ல?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"ஏட்டி, போதும். நிழலுக்கு வா" என்று மதினி மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள்.

"இந்தா வாரேன்" என்றேன்.

முதுகில் வேர்வை ஓடியது. காலுக்குக் கீழே கரிசல் கொதித்தது, என் கால் வேறு யாருடைய கால் மாதிரியோ இருந்தது. கொஞ்சம் நகர்ந்தால் அவன் கண் என்னை நேராகப் பார்க்கும் என்று தோன்றியது. நகர்ந்து பார்த்தேன், பார்த்தான்.

"ஏட்டி!"

"இந்தா வாரேன் மதினி, நீங்க குடிங்க."

தண்ணீர்க் கேன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் மதினி என் மேல் வந்து விழுந்தாள். தொப்பியைப் பிடுங்கினாள். நாடா கழுத்தை அறுத்துக்கொண்டு போனது. முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். என் முடியைப் பிடித்துத் தரதரவென்று மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆடுகள் சிதறி ஓடின.

"எங்கிட்ட அந்தச் சொல்லச் சொல்லாத! யாரும் அந்தச் சொல்ல எங்கிட்டச் சொல்லாதீய!"

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பதே என் காதில் விழுந்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிரடித்தது. மதினி கீழே விழுந்த கேனை எடுத்து, மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள், தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். அப்புறம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பதினாறாம் நாளோடு நிறுத்திய அழுகை. "நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தனே, எந்திரிச்சுப் போய் இழுத்துட்டு வரலியே" என்று அழுதாள். நானும் அழுதேன். ஆடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து எங்களை நெருக்கிக்கொண்டு நின்றன.

வெயில் கொஞ்சம் இறங்கிய பிறகு மதினி தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிழலில் அது வெறும் வெள்ளையாக இருந்தது. விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மதினி, சத்தியமா நான் தெரிஞ்சு வைக்கல. பிரிச்சு எடுத்துரட்டுமா?"

தொப்பியை என் கையில் கொடுத்தாள். பிறகு, "உங்க வீட்டுல பழைய குட கெடக்கா?" என்று கேட்டாள்.

"கெடக்கு."

"அந்தக் கறுப்புத் துணிய அடியில வச்சுத் தச்சிரு."

"அப்ப அண்ணன் தெரிய மாட்டானே மதினி."

"தெரிய வேண்டாம். அவிய மேல இருந்து வெயிலத் தாங்கட்டும். நான் நிழல்ல இருந்துக்கிடுதேன்."

மறுநாள் காலையில் குடையைப் பிரித்து, கறுப்புத் துணியை விளிம்புக்கு அடியில் வைத்து மிஷினில் ஓட்டினேன். சுற்றி வந்து நாலு விரல் இடைவெளி பாக்கி இருந்தது. அதை அடைப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் கறுப்புத் துணியைத் தூக்கி, ஒரே ஒரு தரம் மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வரலாமா என்று கை பரபரத்தது. நான் போகவில்லை.